உஸ்மான் சாலையின் உஸ்மான் யார்?

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குப் பெருநாள் துணி என்றால் துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டியாக வேண்டும். அல்லது மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் ஏறி, ரங்கநாதன் தெருவில் நசுங்கி, அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் உஸ்மான் சாலை. நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மேம்பாலம். பெயர் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆள் யார் என்று கேட்டால்தான் பதில் வராது. கலீபா உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் என்று சொல்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஹைதராபாத் நிஜாம் உஸ்மான் அலி கான் என்று அடித்துச் சொன்ன ஒரு பெரியவரும் உண்டு.

இந்தக் கேள்வி நமக்கு வந்த வழி வேறு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒருநாள் செய்தி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அமெரிக்காவில் அதிபர்தானே பெரியவர்? அப்புறம் ஏன் பணம் ஒதுக்கவில்லை என்று அரசு அலுவலகங்களை மூடுகிறார்கள்? அவரே ஒதுக்கிக்கொள்ளக் கூடாதா?" பாடப் புத்தகத்தில் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்று பெட்டி போட்டிருந்தது. பெட்டிகளை மனப்பாடம் செய்துவிட்டாள். மூன்றும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. அவளுக்குச் சொல்ல உதாரணம் தேடியபோது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அந்தச் சாலையின் பெயருக்குரியவரே கிடைத்தார். ஏனென்றால், அந்த மூன்று பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்த ஓர் ஆட்சியில், ஏறக்குறைய எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தவர் அவர்.

மர்ஹூம் சர் முகமது உஸ்மான் 1884-ல் தஞ்சாவூரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு முடித்த முஸ்லிம்கள் குறைவு. அவரோ பட்டத்தோடு யூனானி வைத்தியமும் அறிந்த ஹகீம். ஒரு கையில் ஆங்கிலம், மறு கையில் நாடி பார்க்கும் கலை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பின்னால் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்புக்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

1913-ல் சென்னை மாநகராட்சி உறுப்பினரானார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். தெரு விளக்கு, சாக்கடை, குழாய்த் தண்ணீர் என்று ஊர் விஷயங்களில் பழகிய கை. பிறகு நீதிக்கட்சியில் சேர்ந்தார்.

அப்போதுதான் ஆட்சி முறையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சி என்ற முறையைக் கொண்டுவந்தது. பள்ளிப் புத்தகங்களில் இரண்டு வரியில் முடிந்துபோகும் விஷயம் இது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் உஸ்மான் சாஹிபின் வாழ்க்கை புரியாது.

சென்னை மாகாண அரசை ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஆளுநர், லண்டனிலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர். வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். போலீஸ், நீதி நிர்வாகம், சிறை, நிலவரி, பாசனம், நிதி எல்லாம் ஒரு பக்கம். இதை ஆளுநரும் அவருடைய நிர்வாக சபை உறுப்பினர்கள் நால்வரும் பார்ப்பார்கள். இவர்களைச் சட்டசபை கேள்வி கேட்கலாம், நீக்க முடியாது. கல்வி, மருத்துவம், உள்ளாட்சி, விவசாயம், பத்திரப்பதிவு போன்றவை இன்னொரு பக்கம். இதை அமைச்சர்கள் மூவர் பார்ப்பார்கள். இவர்கள் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டும். சுருக்கமாக, பூட்டும் சாவியும் பணப்பெட்டியும் வெள்ளைக்காரர் பக்கம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நம்மவர் பக்கம். ஆஸ்பத்திரி கட்ட அமைச்சர் விரும்பினாலும், பணம் கேட்டுப் போக வேண்டிய கதவு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

சட்டசபையில் 127 உறுப்பினர்கள். அவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர், மற்றவர்கள் நியமனம். நிர்வாக சபை உறுப்பினர்கள் இதற்கு மேல். சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டுரிமை என்பதால் ஜனத்தொகையில் சிறு பகுதிக்கே ஓட்டு இருந்தது. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. அந்தச் சபை 1921-ல் பெண்களுக்கும் ஓட்டுரிமை தர முடிவு செய்தது; இந்திய மாகாணங்களில் அதுவே முதல். உஸ்மான் சாஹிப் அந்த முதல் சபையில் உறுப்பினர்.

1921-ல் இந்திய மருத்துவ முறைகளைப் பற்றி ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் வெறும் கை வைத்தியமா, அல்லது அரசு ஆதரிக்கத் தகுந்த முறையான மருத்துவமா என்பது கேள்வி. குழுவுக்குத் தலைவர் உஸ்மான் சாஹிப். செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். மாகாணம் முழுக்க வைத்தியர்களுக்கும் ஹகீம்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்கள். தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் பதில்கள் வந்தன. எங்கோ ஒரு சிற்றூரில் சூரணம் இடித்துக்கொண்டிருந்த வைத்தியரின் கருத்தை அரசு எழுத்தில் கேட்டுப் பதிவு செய்தது. 1923-ல் அறிக்கை வந்தது. உஸ்மான் குழு அறிக்கை என்று இன்றும் மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. மூன்று முறைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. முதலமைச்சராக இருந்த பனகல் அரசரும் இதில் ஆர்வம் கொண்டவர் என்பதால் காரியம் நடந்தது. மருத்துவம் நம்மவர் பக்கத்து இலாகா என்பதையும் மறக்கக் கூடாது. போலீஸ் பற்றி இப்படி ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் அது எந்த அலமாரியில் தூங்கியிருக்கும் என்று நமக்குத் தெரியாது.

உஸ்மான் சாஹிபின் வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மற்ற பதவிகள் எல்லாம் மேலே இருந்து வந்தவை. இது அவரே வேலை செய்து முடித்தது.

1924-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் மாநகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் சென்னையின் ஷெரீப் பதவியும் அவருக்கு வந்தது. ஷெரீப் என்பது பழைய ஆங்கிலேயப் பதவி. நீதிமன்றத்தின் சம்மன்களைச் சேர்ப்பிப்பது, ஜூரிகளை அழைப்பது போன்ற உயர் நீதிமன்றம் சார்ந்த வேலைகளுக்கு உரியது. அவர் காலத்தில் அது பெரும்பாலும் மரியாதைப் பதவிதான். சென்னையில் அந்தப் பதவியே 1998-ல் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் பாருங்கள்: சட்டசபையில் இருந்தவர், ஊர் நிர்வாகத்தின் தலைவர், நீதிமன்றத்தோடு ஒட்டிய பதவியிலும் அவரே. அன்று யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

1925-ல் ஆளுநரின் நிர்வாக சபைக்குப் போனார். அவருக்கு முன் அங்கே இருந்த முஸ்லிம் உறுப்பினர் சர் முகமது ஹபீபுல்லா. அவர் வைஸ்ராயின் சபைக்கு டெல்லி போய்விட்டார். தி.நகர் ஹபீபுல்லா சாலை அவர் பெயர்தான். மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆட்சியில் இருந்தவர்களின் பெயர்களையே பூங்காவுக்கும் தெருவுக்கும் வைத்தார்கள். பனகல் பூங்கா அப்படித்தான் வந்தது. உஸ்மான் சாலையும் அப்படித்தான். ரயில் பாதைக்கு மேற்கே, நாம் தினமும் காய்கறி வாங்கப் போகும் ஆரிய கவுடா சாலை, நீலகிரி படகர் சமூகத்திலிருந்து சட்டசபைக்கு வந்த எச்.பி. ஆரி கவுடரின் பெயர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சட்டசபை, அந்தப் பக்கம் நிர்வாக சபை என்று பிள்ளையிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். ஆனால் பிடித்துக்கொண்டாள்.

இனி அவள் கேட்ட அமெரிக்காவுக்கு வருவோம்.

1787-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரே பயம்: ஒரு கையில் எல்லா அதிகாரமும் சேர்ந்துவிடக் கூடாது. அதனால் சட்டம் செய்வதைக் காங்கிரசுக்கும், நடத்துவதை அதிபருக்கும், வழக்குத் தீர்ப்பதை நீதிமன்றங்களுக்கும் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. காங்கிரசில் உறுப்பினராக இருப்பவர் அரசுப் பதவி எதையும் வகிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். 2009-ல் ஹிலாரி கிளின்டன் வெளியுறவு அமைச்சர் ஆனபோது செனட் பதவியை ராஜினாமா செய்தது இதனால்தான். நம் ஊரில் எம்.எல்.ஏ. ஆனால்தான் அமைச்சர். அங்கே உறுப்பினர் பதவியை விட்டால்தான் அமைச்சர். துணை அதிபர் செனட்டுக்குத் தலைமை வகிப்பது மட்டும் ஒரு விதிவிலக்கு. ஓட்டுகள் சமமானால்தான் அவருக்கு ஓட்டு.

உஸ்மான் சாஹிபின் நிலைமை இதற்கு நேர் எதிர். ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினர் என்பதாலேயே அவர் சட்டசபையிலும் உறுப்பினர். உள்துறை அவரிடம் இருந்தது. சபையில் எழுந்து பதில் சொல்வார். சபை கோபப்பட்டு எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் மறுநாள் காலையில் அதே நாற்காலியில் இருப்பார். போலீசுக்குக் கேட்ட பணத்தைச் சபை வெட்டினால், அது அவசியமான செலவு என்று ஆளுநர் கையெழுத்திட்டுத் திரும்பச் சேர்த்துவிடலாம். ஒதுக்கப்பட்ட இலாகாக்களில் சட்டத்தையே அப்படி நிறைவேற்றலாம். சபையைக் கலைக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு.

அமெரிக்க அதிபருக்கு இவற்றில் எதுவும் முடியாது. காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைக் கஜானாவிலிருந்து எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால்தான் அங்கே அலுவலகங்கள் மூடுகின்றன. காங்கிரசைக் கலைக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு மசோதா பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாளுக்குள் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். காங்கிரஸ் கூடியிருக்கும் போது அவர் பேசாமல் வைத்துக்கொண்டால், கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும். திருப்பி அனுப்பினாலும் இரண்டு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டால் அவர் எதிர்ப்பையும் மீறி நிறைவேறும். நம் நாட்டில் ஆளுநர் ஒரு மசோதாவை எத்தனை காலம் கையில் வைத்திருக்கலாம் என்ற கேள்வி 2025-லும் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனதே, அதை நினைத்துக்கொண்டு இந்தப் பத்து நாள் கணக்கைப் படித்தால் நன்றாகப் புரியும்.

நீதிமன்றம்? சென்னை உயர் நீதிமன்றம் 1862 முதல் இருந்தது; அதன் மீது மக்களுக்கு மரியாதையும் இருந்தது. ஆனால் அரசுச் சட்டத்திலேயே ஒரு வேலி போட்டிருந்தார்கள். ஆளுநரும் நிர்வாக சபை உறுப்பினர்களும் அமைச்சர்களும் பதவி முறையில் செய்த காரியங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் அவர்கள் மீது நேரடியாக வழக்குப் போட முடியாது. நிலவரி விஷயமும் அப்படியே வேலிக்கு அப்பால். மாவட்டத்தில் கலெக்டரே வரி வசூலிப்பார்; அவரே மாவட்ட மாஜிஸ்திரேட். பிடிக்கச் சொன்னவரும் தண்டிக்க அதிகாரம் உள்ளவரும் ஒரே ஆள். இந்தக் கலப்பை ஒழிக்கச் சொல்லி நம் தலைவர்கள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். பிற்பாடு அரசியல் சட்டத்தின் 50-ஆவது பிரிவில் அது கொள்கையாக இடம்பெற்றது. நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 1974-ல்தான். அமெரிக்காவிலோ 1803-லேயே மார்பரி வழக்கில், அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நீதிபதியை அதிபர் நியமிக்கிறார். செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். நியமித்த பின் அதிபராலும் அவரை அசைக்க முடியாது.

1934 வந்தது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு விடுப்பில் போனார். அவர் இடத்தைத் தற்காலிகமாக வகிக்கச் சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அழைக்கப்பட்டார். அப்போது சென்னை ஆளுநர் நாற்காலி காலியானது. 1934 மே 16 முதல் ஆகஸ்ட் 16 வரை மூன்று மாதம் தற்காலிக ஆளுநராக இருந்தவர் சர் முகமது உஸ்மான். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆட்சி செய்த அந்த மாகாணத்துக்கு ஆளுநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். தஞ்சாவூர்க்காரர், தமிழ் மண்ணின் முஸ்லிம். கஞ்சத்திலிருந்து மலபார் வரை நீண்டிருந்த மாகாணம் அது. முதலமைச்சர் பொப்பிலி அரசர். அன்றைய முஸ்லிம் வீடுகளில் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பெருமைப்படவும் காரணம் இருந்தது.

ஆனால் அதே 1934-ல் வாஷிங்டனில் இருந்த நாற்காலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிபர் ரூஸ்வெல்ட் கோடிக்கணக்கான ஓட்டு வாங்கி வந்தவர். காங்கிரசில் அவர் கட்சிக்குப் பெரிய பெரும்பான்மை. அப்படிப்பட்டவரின் முக்கியமான தொழில் மீட்புச் சட்டத்தை 1935 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். கோழி வியாபாரிகள் சிலர் மீது அரசு தொடுத்த வழக்கு மேல்முறையீட்டில் அங்கே வந்தது. கடுப்பான ரூஸ்வெல்ட் 1937-ல் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தார். அவருடைய கட்சிக்காரர்களே செனட்டில் அதற்கு வழிவிடவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபருக்கே அங்கே இரண்டு வேலிகள். மக்கள் யாரும் தேர்ந்தெடுக்காத சென்னை ஆளுநருக்கு ஒரு வேலியும் இல்லை; அவரைக் கேட்க லண்டனும் டெல்லியும்தான் உண்டு.

உஸ்மான் சாஹிப் அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று நாம் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் யாரும் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. அந்த நாற்காலியில் நல்லவர் உட்கார்ந்தாலும் கெட்டவர் உட்கார்ந்தாலும் மக்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதைத்தான் சொல்கிறோம். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தபோது தடியடியும் சிறையும் தந்த அரசில் அவர் நிர்வாக சபை உறுப்பினர். அன்று சிறை சென்றவர்களில் நம் சமுதாயத்தவரும் உண்டு. அவர்கள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அடுத்து வந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். உஸ்மான் சாஹிப் 1942-ல் வைஸ்ராயின் நிர்வாக சபைக்குப் போனார். தபால், விமானப் போக்குவரத்து இலாகா அவருடையது. உலகப் போரின் நடுவில் அந்தச் சபையை விரிவுபடுத்தி இந்தியர்களை அதிகமாகச் சேர்த்தார்கள். தொழிலாளர் இலாகாவுக்கு வந்தவர் டாக்டர் அம்பேத்கர். சில வாரங்களில் வெள்ளையனே வெளியேறு இயக்கம். காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் கைதானார்கள். பெரும்பான்மை இந்தியர்களைக் கொண்ட அந்தச் சபையின் பெயரால்தான் எல்லாம் நடந்தது.

1943 பிப்ரவரியில் காந்தி சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவரை விடுதலை செய்ய வைஸ்ராய் மறுத்தார். சபையிலிருந்து மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள்: எச்.பி. மோடி, என்.ஆர். சர்க்கார், எம்.எஸ். அனே. உஸ்மான் சாஹிப் ராஜினாமா செய்யவில்லை. அம்பேத்கரும் செய்யவில்லை. சமுதாயத்தின் குரல் அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளே இருந்தார்களா, பதவி விட மனமில்லையா என்ற வாதம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கலாம். அம்பேத்கர் விஷயத்தில், அங்கே இருந்து தொழிலாளர்களுக்காக அவர் செய்தவற்றைச் சொல்ல முடிகிறது. உஸ்மான் சாஹிபுக்கு அந்த அளவு சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. இதை மறைத்துவிட்டுப் புகழ் மட்டும் பாடினால் அது வரலாறு ஆகாது. 1946-ல் இடைக்கால அரசு வந்தபோது அந்தச் சபையின் காலமும் முடிந்தது.

அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த அம்பேத்கர்தான் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்தார். அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்ற கேள்வியை அவர் நேராக எடுத்துக்கொண்டார். அமெரிக்க முறையில் அரசு நிலையாக இருக்கும். ஆனால் அன்றாடம் பதில் சொல்லாது. பிரிட்டிஷ் முறையில் அரசு கவிழக்கூடும். ஆனால் ஒவ்வொரு நாளும் சபைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வரைவுக் குழு நிலைத்தன்மையை விடப் பொறுப்பைத்தான் பெரிதாக நினைத்தது என்று விளக்கினார். யாருக்கும் பதில் சொல்லாத நிர்வாக சபையை உள்ளிருந்து பார்த்தவரின் முடிவு அது.

இந்த இடத்தில் முஸ்லிம் உறுப்பினர்கள் பேசியது நம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. மத்திய மாகாணத்திலிருந்து வந்த காஜி சையத் கரீமுத்தீன் அமெரிக்க முறையை ஆதரித்தார். காரணமில்லாமல் வீடு புகுந்து சோதனை போடக் கூடாது என்ற அமெரிக்கப் பாதுகாப்பையும் நம் அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். மூன்று அதிகாரங்களையும் முற்றிலும் பிரிக்க வேண்டும் என்ற கே.டி. ஷாவின் திருத்தம் டிசம்பரில் தோற்றது. அதே மாதம் சென்னையின் மகபூப் அலி பேக் வேறொரு யோசனை சொன்னார்: அமைச்சர்களைப் பிரதமர் தேர்ந்தெடுக்க வேண்டாம், நாடாளுமன்ற உறுப்பினர்களே விகிதாசார முறையில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவும் தோற்றது.

இவர்கள் ஏன் இப்படிக் கேட்டார்கள்? பெரும்பான்மைக் கட்சி சட்டசபையையும் பிடித்து, அதிலிருந்தே அமைச்சரவையையும் அமைத்தால், இரண்டு பெட்டிகள் ஒன்றாகிவிடும். சிறுபான்மையினருக்கு மிஞ்சுவது நீதிமன்றம் ஒன்றுதான் என்ற கவலை. அந்தக் கவலை தப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அமெரிக்க முறை அதைத் தீர்த்துவிடுமா என்றால் அதுவும் சந்தேகம்தான். அத்தனை வேலிகளும் இருந்த நாட்டிலேதான் கறுப்பின மக்கள் அடிமை முறை ஒழிந்த பிறகும் நூறு ஆண்டு ஓட்டுரிமைக்காகப் போராடினார்கள்.

மூன்று பெட்டிகளும் உண்மையில் எப்படி ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும் என்பதை இந்தியா முதலில் பார்த்தது சென்னையில்தான். உஸ்மான் சாஹிப் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1927-ல், சென்னை அரசு வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. அரசு வேலைகளில் ஒவ்வொரு பன்னிரண்டு இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதே முறை பிறகு கல்லூரிச் சேர்க்கைக்கும் வந்தது. அங்கே பதினான்கு இடத்துக்கு ஒரு முஸ்லிம். இவையெல்லாம் வெறும் அரசாணைகள். சட்டசபை செய்த சட்டம் அல்ல.

அரசியல் சட்டம் வந்த 1950-ல் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் இந்த முறை தன் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். ஆணை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நம் பிள்ளைகளுக்கு இருந்த அந்த ஒரு இடமும் போனது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராட்டம் நடத்தினார். அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி 15(4) பிரிவைச் சேர்த்தது. நிர்வாகம் ஆணையிட்டது, நீதிமன்றம் தடுத்தது, நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. எல்லாம் ஒன்றரை ஆண்டுக்குள்.

அமெரிக்காவில் இது நடந்திருந்தால்? அரசியல் சட்டத்தைத் திருத்த இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் ஒப்ப வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அங்கே மொத்தம் 27 திருத்தங்கள்தான். வேலி உயரமாக இருந்தால் அநியாயமும் தாண்டி வராது, நியாயமும் சீக்கிரம் தாண்டி வராது. தமிழ்நாட்டில் 2007-ல் முஸ்லிம்களுக்கு வந்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு வெறும் அரசாணையாக இல்லாமல் சட்டமாகவே வந்தது. 1951-ன் அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடம் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இவை எல்லாம் நடந்தபோது உஸ்மான் சாஹிப் உயிரோடு இருந்தார். எந்தப் பதவியிலும் இல்லை. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற 1952 தேர்தலும் 1957 தேர்தலும் அவர் கண் முன்னே நடந்தன. அவர் ஆளுநராக இருந்தபோது அவரைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ உரிமையில்லாத மக்கள், வரிசையில் நின்று முதலமைச்சர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று அவர் காலமானார்.

பிள்ளை கடைசியாக ஒன்று கேட்டாள்: அவர் நல்லவரா, கெட்டவரா? மருத்துவக் குழு அறிக்கையை எழுதியவர் என்றோம். 1943-ல் ராஜினாமா செய்யாதவர் என்றும் சொன்னோம். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டியதும் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் பாதியை ஒரு ஜவுளிக்கடை விளம்பரத் தட்டி மறைத்திருந்தது.